தேதி முடிந்த அலாரம்

பச்சைத்தேயிலைக்கு விலை விழுந்து, எங்கள் ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடும் என்று ஆனபிறகு, தோட்டத்துப் பெரிய பங்களாவைக் கம்பெனிக்காரர்கள் விருந்தினர் விடுதியாக்கினார்கள். தேயிலை கொடுக்காததை வெளியூர் விருந்தாளிகள் கொடுக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஃபாக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் கணவரை அங்கே வயரிங் வேலைக்கு அனுப்பினார்கள். ஃபாக்டரி ஓயும் நாட்களில் அவருக்கு அதுவே வேலை என்றாயிற்று.

விருந்தாளிகளை அனுப்பும் டூர் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கணப்படுப்பு உள்ள அறை ஒவ்வொன்றிலும் இரண்டு அலாரம் இருக்க வேண்டும். இவர் அவற்றை மாட்டிவிட்டு வந்த சாயங்காலம், டீயைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கிச் சொன்னார்.

"மேல சீலிங்ல ஒண்ணு, அது புகைக்கு. கட்டிலுக்குப் பக்கத்துச் செவுத்துல இன்னொண்ணு. அது புகையில்லாம ஆளக் கொல்றதுக்கு."

"அதென்னங்க புகையில்லாமக் கொல்றது?"

"கரி முழுசா எரியாதப்ப ஒரு வாயு வருது புள்ள. கார்பன் மோனாக்சைடுன்னு பேரு. வாடையும் கெடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

ஊட்டியில் ஒரு லாட்ஜில் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று நாங்கள் முன்பே கேள்விப்பட்டிருந்தோம். புகை மூட்டத்தில் மூச்சுத் திணறிப் போனார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூச்சே திணறாது, சுகமாகத் தூக்கம் வரும் என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று முதல் தலை வலித்தால் பயம், கொட்டாவி வந்தால் பயம்.

பயப்படக் காரணமும் இருந்தது. குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் பனியும் மாறி மாறி வரும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் கரிச்சட்டி இல்லாத வீடே கிடையாது. முன்பெல்லாம் தோட்டத்தில் விறகு கொடுப்பார்கள். தேயிலை விலை போனதும் முதலில் நிறுத்தியது அதைத்தான். அதன்பிறகு சனங்கள் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைக் கரியாக்கி வைத்துக்கொண்டார்கள். ஓட்டை ஜன்னல்களில் சாக்கைத் திணித்து, நடுவீட்டில் சட்டியை வைத்து, சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். நான் மட்டும் அவ்வப்போது எழுந்துபோய்ச் சாக்கை இழுத்துவிட்டு வருவேன். இவர் குளிர் தாங்காமல் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொள்வார்.

சில வருஷம் போயிருக்கும். ஒருநாள் இவர் சாப்பாட்டுப் பையிலிருந்து வெள்ளை வெளேரென்று வட்டமாக ஒன்றும், சதுரமாக ஒன்றும் எடுத்து வைத்தார். பங்களாவில் எல்லா அலாரத்தையும் கழற்றிப் புதிதாக மாட்டச் சொல்லிவிட்டார்களாம். முதுகில் போட்டிருந்த தேதி முடிந்துவிட்டதாம்.

"குப்பையில போடச் சொன்னாங்க. கேட்டு எடுத்துட்டு வந்துட்டேன்."

"தேதி முடிஞ்ச மருந்தைக் குடிப்பீங்களாங்க நீங்க?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா?" என்றார்.

ஏணியை நான் பிடித்துக்கொள்ள, இவர் ஏறி மாட்டினார். லைன் வீட்டில் சீலிங் ஏது? தகரக் கூரைதான். வட்டமாக இருந்த புகை அலாரத்தைக் குறுக்குச் சட்டத்தில் திருகினார். சதுரமானதைக் கட்டிலுக்கு நேராக, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில் துளை போட்டு மாட்டினார். பட்டனை அழுத்தியதும் இரண்டும் காது கிழியக் கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இனி நான் தூங்கலாம், எனக்குப் பதில் இது விழித்திருக்கும் என்று தோன்றியது.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு அக்காவின் வீடு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அக்கா கொழுந்தெடுக்கப் போவார். அவருடைய வீட்டுக்காரர் காலமாகி வெகுநாளாகிறது. ஒரே மகளைத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையுமாக அங்கேயே இருந்த சமயம் அது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அங்கே குழந்தை சிணுங்கினால் எங்கள் வீட்டில் கேட்கும். இங்கே நான் கடுகு தாளித்தால் அங்கே தும்முவார்கள்.

அதனால்தான் புகை அலாரம் எங்களுக்கு வினையாக வந்தது. மிளகாய் வறுத்தால் கத்தும். தோசைக்கல் காய்ந்தால் கத்தும். அக்கா குழந்தைக்குச் சாம்பிராணி போட்டால், புகை சுவருக்கு மேலே தவழ்ந்து வந்து எங்கள் வீட்டில் அலற வைக்கும். குழந்தை திடுக்கிட்டு வீறிடும். முதலில் இரண்டு மூன்று தரம் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"தங்கச்சி, பச்சப்புள்ள ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. பங்களாவில தூக்கி வீசின சாமானக் கொண்டாந்து லயத்தில மாட்டணுமா? தொரைமாருக்குத்தான் அதெல்லாம் வேணும். நமக்கு எதுக்கு?"

"இல்லீங்கக்கா, ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"எங்க அம்மா காலத்திலயிருந்து கரிச்சட்டி வெச்சுத்தான் புள்ள வளக்கிறோம். ஒன்னும் செய்யாது."

அன்றைக்கே இவர் புகை அலாரத்தைக் கழற்றிவிட்டார். சதுரமானதையும் கழற்றப் போனவரை நான் தடுத்தேன். "இது எங்கீங்க கத்துச்சு? இது பாட்டுக்கு இருக்கட்டும்." அது மாட்டிய நாளிலிருந்து சத்தமே போட்டதில்லை. அதனாலேயே இவர் விட்டுவிட்டார். அக்கா அதன்பிறகு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தாலும் குடத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யாமல் அடைத்துக்கொண்டு பெய்தது. ஒருநாள் மத்தியானம் இவர் பங்களாவில் இருந்தார். அக்கா கீழ்க்காட்டில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார். வேலை கிடைக்கும் நாளே குறைந்துபோயிருந்த காலம், மழை என்று யாரும் லீவு போடுவதில்லை. லைனில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான் கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே லேசாகத் தலைவலி. மழைக்கு என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று சுவரில் இருந்த சதுரம் கத்தியது. நான்கு முறை கத்தி, நிறுத்தி, மறுபடி நான்கு முறை.

முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். முதலில் தோன்றியது குழந்தை விழித்துக்கொள்ளப் போகிறதே என்பதுதான். எங்கள் கரிச்சட்டியை நான் அன்று மூட்டவே இல்லை. கேஸ் அடுப்பும் அணைந்திருந்தது. பிறகு ஏன் கத்துகிறது? தேதி முடிந்த சாமான், ஈரத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கதவையும் பின்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டேன். சாரல் உள்ளே அடித்தது. சத்தம் நிற்கவில்லை. சுவரிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனேன். அங்கே கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. அப்பாடா என்று உள்ளே கொண்டுவந்து மாட்டினேன். சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு சத்தத்துக்கும் அந்தப் பக்கம் குழந்தை அழவில்லை.

ஓடிப்போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். "கண்ணு! கதவைத் தெற கண்ணு!" உள்ளே தாழ் போட்டிருந்தது. பதில் இல்லை. தூங்குகிறாளோ என்று ஒரு மனம். நான் கதவை இடித்துக் குழந்தையை எழுப்பிவிட்டால், அக்கா வந்து என்ன சொல்வாரோ என்று இன்னொரு மனம். அந்த நேரத்திலும் அப்படி ஒரு யோசனை வந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கலாமென்றால் உள்பக்கம் சாக்கு தொங்கியது.

வீட்டுக்குத் திரும்பி ஏணியை இழுத்து நடுச்சுவரில் சாய்த்தேன். நான் அதற்குமுன் ஏணியில் ஏறியதில்லை, பிடித்துத்தான் பழக்கம். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டினேன். அந்தப் பக்கத்துக் காற்று வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. கீழே பாயில் அந்தப் பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளாகக் குழந்தை. கால்மாட்டில் கரிச்சட்டி. புகை என்று ஒரு இழைகூட இல்லை. தணல் செக்கச்செவேல் என்று அழகாக இருந்தது.

"கண்ணு! ஏய் கண்ணு!" என்று கத்தினேன். அவள் கை லேசாக அசைந்தது. எழுந்திருக்கவில்லை. அவள் வாய்க்குப் பக்கத்தில் பாயெல்லாம் வாந்தி.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் கிடந்த அம்மிக் குழவியைத் தூக்கி அக்கா வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். கையை உள்ளே விட்டுச் சாக்கைப் பிய்த்தேன். ஜன்னலும் கதவும் பக்கம் பக்கமாக இருந்தது எங்கள் நல்ல காலம், தாழ்ப்பாள் கைக்கு எட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினேன். துணிபோலத் துவண்டது. வெளியே கொண்டுவந்து, வாசல் ஓரத்தில் நனையாத இடத்தில் கிடத்தினேன். அவளைத் தூக்க என்னால் முடியவில்லை. பாயோடு பிடித்து இழுத்தேன். கதவுப்படியில் பாய் மாட்டிக்கொண்டது. அங்கேதான் எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, மறுபடி உள்ளே போய் அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன்.

பிறகு கீழ்க்காட்டைப் பார்த்து வாய்விட்டு அலறினேன்.

மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் செடிகளுக்கு நடுவே ஏறி வந்தார்கள். முன்னால் வந்தது அக்கா. முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் ஓடிவந்தார். உடைந்த ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"என்ன புள்ள செஞ்ச? என் மகளுக்கு என்ன?"

"கரிச்சட்டிங்கக்கா! கரிச்சட்டி வாயு!"

அவருக்குப் புரியவில்லை. மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். நான் குழந்தையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். குளிர்காற்று முகத்தில் பட்டுப்பட்டு, அது ஒருமுறை வாயைத் திறந்தது. அழுகை வரவில்லை. பூனைக்குட்டி முனகுவதுபோல ஏதோ வந்தது. அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கூடையோடு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்து லாரியில்தான் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாதை நெடுக மண் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் லாரி ஊர்ந்தது. குழந்தை என் மடியில். அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பேன். லாரி குலுங்குவதில் என் கை நடுங்குகிறதா, அதன் நெஞ்சு அசைகிறதா என்று தெரியாது. அக்கா மகளின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தூங்காத மகளே, தூங்காத" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண் கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள். காலையில் இருந்தே தலை கனத்தது, குழந்தைக்குக் குளிருமென்று சட்டியை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தேன், அப்புறம் ஒன்றும் நினைவில்லை என்றாள். டாக்டரம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ரெண்டு பேரும் பொழச்சுட்டாங்க. பெரியவளுக்குப் பயமில்லை. குழந்தை இப்ப நல்லாத்தான் இருக்கு. போகப்போகப் பாக்கணும்."

"என்னங்க பாக்கணும்?" என்றேன்.

"கண்ணு பாக்குதா, சத்தத்துக்குத் திரும்புதா, தலை நிக்குதா... எல்லாக் குழந்தைக்கும் பாக்கறதுதான். இதுக்குக் கொஞ்சம் கவனமாப் பாருங்க."

'பாக்கணும்' என்ற அந்த ஒரு சொல் எங்கள் இரண்டு வீட்டுக்குள்ளும் வந்து குடியேறியது. அக்கா தீக்குச்சியைக் கிழித்துக் குழந்தையின் கண் அதன்பின் போகிறதா என்று பார்ப்பார். நான் அதன் காதுக்குப் பின்னால் நின்று கைதட்டுவேன். திரும்பினால் சந்தோஷம். ஒருமுறை திரும்பாவிட்டால் அன்று சோறு இறங்காது. அந்தப் பெண் எங்களைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் அழுதுவிட்டாள். "போதும் சித்தி, புள்ளய சும்மா விடுங்க" என்றாள். அதன்பிறகு அவளுக்குத் தெரியாமல் கைதட்டினேன்.

இதற்கிடையில் லைன் முழுக்க அலாரப் பேச்சாகிவிட்டது. மெஷின் இரண்டு உயிரைக் காப்பாற்றியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, எல்லோரும் இவரிடம் வந்து கேட்டார்கள். பங்களாவில் கழற்றிப் போட்ட சதுர அலாரமெல்லாம் குப்பைக்குப் போகாமல் ஸ்டோர் மூலையில் கிடந்தன. இவர் கேட்டு வாங்கிவந்து வீட்டுக்கு ஒன்றாக மாட்டினார். பட்டனை அழுத்தியதும் ஒவ்வொரு வீட்டிலும் அது கத்தும், பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அக்கா வீட்டில் மாட்டியபோது அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்.

நான் மட்டும் நிம்மதியாக இல்லை. மார்கழி நெருங்க நெருங்க, முன்பு பாதி திறந்து கிடந்த ஜன்னல்கள்கூட முழுதாக அடைபட்டன. "மெஷினு இருக்குதே" என்று கதவிடுக்கில் துணியைத் திணித்தார்கள். வீடு வீடாகப் போய், "ஜன்னலைக் கொஞ்சம் தெறந்து வையுங்க" என்று சொன்னேன். சிரித்தார்கள்.

ஒருநாள் இவரிடம் கேட்டேன். "ஏனுங்க, பட்டனை அமுக்குனா கத்துது, சரி. வாயு வந்தாக் கத்துமான்னு எப்படித் தெரியும்?"

"பட்டன் வேலை செஞ்சா அதும் செய்யும்."

"தெரிஞ்சு சொல்றீங்களா, நெனச்சுச் சொல்றீங்களா?"

அவர் எழுந்துபோய், வாசலில் ஒரு சட்டியில் தணல் எடுத்து வைத்தார். எங்கள் வீட்டு அலாரத்தைத் தணலில் படாமல் ஒரு செங்கல் மேல் வைத்து, பெரிய அண்டாவால் இரண்டையும் கவிழ்த்து மூடினார். சிறிது நேரத்தில் அண்டாவுக்குள் அது கத்தத் தொடங்கியது. "பாத்தியா?" என்றார். "அக்கா ஊட்டு அலாரத்தையும் பாத்துருங்க" என்றேன்.

அக்காவே அதைக் கழற்றிக்கொண்டு வந்தார், குங்குமத்தோடு. அண்டாவைக் கவிழ்த்தோம். காத்திருந்தோம். இவர் தணலை ஊதி மாற்றி வைத்தார். மறுபடி காத்திருந்தோம். சத்தமே இல்லை. அண்டாவைத் தூக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினார். கணீரென்று கத்தியது.

பட்டன் அழுத்தினால் மணி அடிக்கிறதா என்றுதான் தெரியுமே தவிர, வாயுவை அறியும் உறுப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அது இவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அக்கா கேட்டார்.

"இது அன்னைக்கு ஒங்க வீட்டில இருந்திருந்தா?"

இவர் உடனே கிளம்பி ஒவ்வொரு வீடாகப் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் அண்டாவுக்கடியில் வைத்துப் பார்த்தோம். பாதிக்குமேல் ஊமை. மீதியைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. இன்றைக்குக் கத்தியது நாளைக்குக் கத்தும் என்று யார் சொல்வது? சனங்கள் கோபப்பட்டார்கள். பட்டனை அழுத்திக் காட்டி, "கத்துதே, அப்புறமென்ன?" என்று சண்டைக்கு வந்தார்கள். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சும் வந்தது.

எங்களுக்காகப் பேசியது அக்காதான். வாசலில் நின்று, லைன் முழுக்கக் கேட்கும்படி, "என் பேத்தி செத்துப் பொழச்சவ. பொய் சாமானை நம்பிப் படுக்கிறதுக்கு, ஒன்னுமில்லாம பயந்துகிட்டுப் படுக்கலாம்" என்றார். அதன்பிறகு சத்தம் அடங்கியது.

ஆனால் குளிர் அடங்குமா? இவர் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்கு மேலே சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். எதிர்ச்சுவரில் தரைக்குப் பக்கத்தில் இன்னொன்று. காற்று நேராக உள்ளே வந்து கம்பளிக்குள் புகுந்தது. ஒரு வாரத்துக்குள் பாதி ஓட்டையில் கந்தல் துணி. சாயங்காலமானால் நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்தத் துணியைக் குத்தித் தள்ளுவேன். திட்டு வாங்குவேன். அடுத்த நாளும் போவேன். சில நாட்களில் அக்காவும் கூட வருவார். அவருடைய வாய்க்குப் பயந்து அவர்களே எடுத்துவிடுவார்கள்.

தை பிறந்து, அக்காவின் மருமகன் திருப்பூரிலிருந்து மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தான். நடந்ததை அவனுக்கு ஃபோனில் சொன்னபோது அவன் நம்பவே இல்லையாம். வரும்போது கோயமுத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, புது அலாரம் ஒன்று வாங்கி வந்திருந்தான். அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. இவர் முதுகைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். என்னிடம் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். பிறகுதான் ஏணியை எடுத்தார். அக்கா வீட்டுச் சுவரில் இருந்த பழைய துளையிலேயே திருகாணி பொருந்தியது. ஆனாலும் யாரும் ஓட்டையை அடைக்கவில்லை. அக்கா அடைக்க விடவில்லை.

அன்று மத்தியானம் கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்தப் பெண்ணின் தோளில் இருந்த குழந்தை உதறித் தலையைத் தூக்கி, சத்தம் வந்த பக்கம் திரும்பி, உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கண் நிறைந்து, சிரிப்பும் வந்துவிட்டது. குழந்தையைச் சமாதானப்படுத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"ஏம்மா, புள்ள அழுவுது, நீங்க ரெண்டுபேரும் சிரிக்கிறீங்க?" என்றாள் அவள்.

அவள் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அன்று பிழைத்த குழந்தைதான் பெரியவள், நன்றாகப் படிக்கிறாளாம், வாயும் அதிகமாம்.

தேயிலை விலை எழவில்லை. ஃபாக்டரியை மூடினார்கள். அக்கா மகளோடு திருப்பூர் போனார். நாங்கள் குன்னூர் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். சுவர் கூரைவரை போகிற வீடு, ஜன்னல்கள் சரியாகச் சாத்துகிற வீடு. குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா அதைப் பெருமையாகத் திறந்து காட்டினார்.

"கொழாயைத் தொறந்தாச் சுடுதண்ணிங்க. இந்தக் குளுருக்கு வேறென்னங்க வேணும்?"

நான் அதற்குள் எரியும் நீலச் சுடரைப் பார்த்தேன். குளியலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் என் உள்ளங்கை அளவு. அதிலும் கண்ணாடி பதித்திருந்தது. கரியானால் என்ன, கேஸானால் என்ன, அடைத்த அறையில் எரிந்தால் அதே வாயுதான்.

"எங்களுக்கு அது வேண்டாமுங்க. விளாவிக் குளிச்சுக்கறோம்" என்றேன். வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இவர்தான் நடுவில் புகுந்து, கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டுச் சட்டம் வைத்து, குளியலறைக்கு வெளியே புது அலாரம் ஒன்றை மாட்டி, கீசரை வைத்துக்கொள்ளலாம் என்று என்னைச் சம்மதிக்க வைத்தார். அதன்பின் தேதி முடியுமுன்பே ஒருமுறை அதை மாற்றியும் ஆயிற்று. மாற்றிய அன்றே பழையதைச் சுத்தியலால் உடைத்துப் போட்டார். யார் கையிலும் கிடைத்துவிடக்கூடாது என்று.

இருந்தும் நான் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவை ஒரு சாண் திறந்துதான் வைப்பேன். இவர் வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். ஒரு பக்கம் படித்து முடித்ததும் குரல் கொடுப்பார்.

"இருக்கறயா புள்ள?"

"இருக்கறனுங்க."

"சரி, குளி."